சிக்கனமும் கடனும்: ஒரு சரித்திர நோக்கு

சிக்கனத்தைப் பற்றிய உபதேசம் நமது நாட்டில் எக்காலத்திலும் மேலிருந்து கீழ்நோக்கியே வந்திருக்கிறது. வரவறிந்து செலவு செய். வீண் ஆடம்பரங்களை விடு. ஓய்ந்த நேரத்தில் ஏதேனுமொரு கைத்தொழில் செய்து மேலதிக வருமானம் தேடு. தேடியதில் ஒரு பங்கை மிச்சம் பிடி. ஆங்கிலேயராட்சிக் கால உத்தியோகத்தர் இதனைக் கூறினர். மிஷன் பள்ளிகள் இதனைப் பாடமாக்கின. இன்று நிதிக் கம்பனிகளின் விளம்பரங்களும் இதனையே கூறுகின்றன. கூறுவோர் மாறினரேயன்றிக் கேட்போர் மாறவில்லை. கேட்போர் என்றும் கமக்காரனும், கூலியாளும், கடகம் இழைக்கும் பெண்ணுமே. இவ்வுபதேசத்தின் அடியில் வெளிப்படையாகப் பேசப்படாத எண்ணமொன்று கிடக்கிறது. ஏழை ஏழையாயிருப்பது எண்ணிச் செலவு செய்யத் தெரியாமையாலே என்பதே அவ்வெண்ணம்.

இது சரித்திரத்தின் முன் நிற்கக் கூடியதா என்பதை நாம் ஆராய வேண்டும். ஆசிரியர்களும் மாணவர்களும் இதனை ஆராய்வதற்குத் தனிக் காரணமும் உண்டு. சேமிப்பு வாரங்களில் பிள்ளைகளுக்கு உண்டியற் பெட்டிகளை வழங்கி, சிறுதுளி பெருவெள்ளம் என்று எழுதச் செய்பவர்கள் நாமே. வெள்ளம் எவர் வயலுக்குப் பாய்கிறது என்று அப்பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுப்பதில்லை.

முதலில் 'மேலதிக வருமானம்' என்ற தொடரை எடுத்துக் கொள்வோம். யாழ்ப்பாணத்துக் கிராமத்துப் பெண் ஓலை வார்ந்து பாயும் பெட்டியும் இழைத்தாள். பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்து ஒடியலாக்கினாள். பனம்பழத்தைப் பிழிந்து பனாட்டு இட்டாள். கோழியும் ஆடும் வளர்த்தாள். இவற்றால் வந்த சதங்களைக் கொட்டப்பெட்டிக்குள் சேர்த்தாள். இவ்வருமானம் எதற்கு மேலதிகமானது? புகையிலை விலைப்படும்வரை வீட்டில் அடுப்பெரிந்தது இதனால். பிள்ளையின் கொப்பி வாங்கப்பட்டது இதனால். கூலியும் விளைவும் ஒரு குடும்பத்தைத் தாங்கப் போதாதவிடத்து, அக்குறையை நிரப்பிய உழைப்புக்கு உலகம் 'மேலதிகம்' என்று பெயரிட்டது. அவ்வாறு பெயரிட்டதனால் அடிப்படைக் கூலி ஏன் போதவில்லை என்ற கேள்வி மறைந்து போயிற்று.

எண்ணத் தெரியாதவர்கள் என்ற குற்றச்சாட்டுக்கு வலுவான மறுமொழி சீட்டு. எழுத்தறியாப் பெண்கள் நடத்திய இவ்வமைப்பின் கணக்கு எளியதன்று. 20 பேர் மாதம் 10 ரூபா வீதம் கட்டுகின்றனர் எனக் கொள்வோம். மாதந்தோறும் 200 ரூபா திரளும். முதற் சீட்டு அதனைப் பொறுப்பேற்று நடத்தும் தாச்சிக்குரியது. குலுக்குச் சீட்டாயின் எஞ்சிய மாதங்களில் பெயர் விழுந்தவர் முழுத்தொகையையும் எடுப்பார். ஏலச் சீட்டாயின் அதிகக் கழிவு கூறியவர் எடுப்பார். 40 ரூபா கழிவு கூறியவருக்குக் கிடைப்பது 160 ரூபா. கழிவான 40 ரூபா ஆளுக்கு 2 ரூபாவாக இருபது பேருக்கும் பங்கிடப்படும். எழுத்துமில்லை, ஈடுமில்லை. தவறியவருக்கு ஊரில் முகமில்லை என்பதே இதன் சட்டம். சிங்கள மக்களும் இதனைச் 'சீட்டு' என்ற நமது சொல்லாலேயே வழங்குகின்றனர். ஈழத்து இரு இனங்களின் உழைக்கும் மக்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் எதைக் கற்றனர் என்பதற்கு, அரசியல் மேடைகளிற் கிடைக்காத சான்று இது. நாடெங்கும் வழக்கு இவ்வளவு பரந்திருந்தமையாலேயே 1935இல் சீட்டுகளுக்கெனத் தனிச் சட்டமொன்றும் இயற்றப்பட்டது.

சீட்டை நாம் போற்றிப் பாட முற்படவில்லை. ஏலச் சீட்டில் மிகுந்த முடையுள்ளவரே மிகுந்த கழிவு கூறுகிறார். பொறுத்திருக்க வசதியுள்ளவர் அக்கழிவைப் பங்கிட்டு இலாபமடைகிறார். மகளின் கலியாணமும் கணவனின் நோயும் இவ்வாறு அயலவரின் ஊதியமாகின்றன. தாச்சி ஓடிப்போன கதைகளும் பலவுண்டு. ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது: வட்டியென்று போனது எதுவோ, அது அந்த இருபது பேருக்குள்ளேயே சுற்றியது.

சீட்டால் எட்ட முடியாத தேவைகள் இருந்தன. விதைப்புக்கும், கிணறு வெட்டவும், சீதனத்துக்கும் வேண்டிய தொகை இருபது பெண்களின் கொட்டப்பெட்டிகளிலிருந்து திரளாது. அங்கேதான் கடன் என்னும் மற்றைச் சரித்திரம் தொடங்குகிறது. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையிலேயே ஒற்றிக்கு இடமுண்டு. கடன் கொடுத்தவர் வட்டி வாங்குவதில்லை. அதற்கு ஈடாக நிலத்தின் விளைவை அனுபவிப்பார். முதல் குறையாது நிற்கும். மீட்கும் தொகையைத் தேட வேண்டியவன் எவனோ, அவனுக்குத் தேடித் தரக்கூடிய நிலமே கைவிட்டுப் போயிருக்கும். இதனைவிடத் தெளிவாகக் கடனின் இயல்பைக் காட்டும் ஏற்பாடு வேறில்லை எனலாம்.

மலைநாட்டிலே கடன் நிலத்தைப் பிடிக்கவில்லை, ஆளையே பிடித்தது. தென்னிந்தியக் கிராமத்திலிருந்து புறப்படும்பொழுதே வழிச்செலவும் முன்பணமும் தொழிலாளியின் பெயரிற் கடனாக எழுதப்பட்டன. அக்கடனுக்குரியவன் கங்காணி. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குப் போக விரும்பியவர்களுக்குத் 'துண்டு' என்னும் கடிதம் வேண்டும். இத்தனை பேர், இவர்கள்மீது இத்தனை கடன், அதனைத் தீர்ப்பவர் இவர்களை அழைத்துச் செல்லலாம் என்பது அத்துண்டின் பொருள். கடன் கைமாறியபொழுது தொழிலாளியும் கைமாறினான். துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அத்தொழிலாளிக்கும் அக்காலத்திற் சிக்கனம் போதிக்கப்பட்டது என்பதை நினைக்குமிடத்துச் சிரிப்பதா சினப்பதா என்று தெரியவில்லை.

நகரத்து வியாபாரியின் நிலை வேறு. கொழும்பிலிருந்த ஆங்கிலேய வங்கிகள் தோட்டத் துரைமாருக்கும் ஏற்றுமதிக் கம்பனிகளுக்கும் உரியவை. சுதேசச் சிறுகடைக்காரன் அவற்றின் வாசலை மிதித்தறியான். அவனுக்குக் கடன் கொடுத்தவர் செட்டியார் தெருவின் நாட்டுக்கோட்டைச் செட்டிமார். வங்கியிடமிருந்து அவர்கள் ஒரு வட்டிக்கு வாங்கினர். கடைக்காரனுக்கு அதனினும் கூடிய வட்டிக்குக் கொடுத்தனர். கடைக்காரன் தன் வாடிக்கையாளருக்குக் கொப்பிக் கடனாகக் கொடுத்தபொழுது விலையிலே இன்னுமொரு வட்டியை ஏற்றினான். மூன்று படி இறங்கிய வட்டியைக் கடைசியிற் செலுத்தியவர் கூலியாளே. 1930களின் பொருளாதார மந்தத்தில் கடன்கள் வராது, நிலங்கள் செட்டிமார் கைக்கு மாறியபொழுது, மக்களின் கோபம் கண்ணுக்குத் தெரிந்த செட்டியார்மீதே பாய்ந்தது. படிகளின் உச்சியில் இருந்த அந்நிய வங்கி எவர் கண்ணிலும் படவில்லை. இனவாதிகளுக்கு இது வாய்ப்பாயிற்று. 1934இல் சேர் சொராப்ஜி பொச்கானவாலா தலைமையில் வங்கி ஆணைக்குழுவொன்று நியமிக்கப்பட்டு, அதன் தொடர்ச்சியாக 1939இல் இலங்கை வங்கி தோன்றியது. தோன்றிய வங்கி சுதேச முதலாளிகளுக்கு உதவியது. கிராமத்துக்கு அது வந்து சேரப் பல ஆண்டுகள் சென்றன.

கிராமத்துக்கு மருந்தாகக் கொண்டுவரப்பட்டது கூட்டுறவுக் கடன். அது வந்த வழி சற்றுச் சுற்றுவழி. ஜெர்மனியின் வெஸ்டர்வால்ட் மேட்டுநிலத்தில், 1846-47ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது, பிரெடெரிக் வில்ஹெல்ம் ரைபைசன் என்ற கிராமத்தலைவர் வசதி படைத்தோரிடம் பணம் திரட்டி ஏழைகளுக்கு ரொட்டி கிடைக்கச் செய்தார். பின்னரும் செல்வரின் தருமத்தைக் கொண்டே சில சங்கங்களை நடத்தினார். தருமம் வற்றியது; சங்கங்களும் தளர்ந்தன. 1864இல் ஹெடெஸ்டோர்வ் என்ற ஊரில் அவர் அமைத்த சங்கத்தில் கடன் வாங்குவோரே உறுப்பினர், உறுப்பினரே உரிமையாளர். ஒருவர் கடனுக்கு எல்லாரும் தத்தம் உடைமை முழுவதாலும் பொறுப்பு. இதுவே வரம்பிலாப் பொறுப்பு எனப்பட்டது. சென்னை மாகாணத்தின் விவசாயக் கடனை ஆராய நியமிக்கப்பட்ட பிரெடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி, 1890களில் வெளியிட்ட தமது நீண்ட அறிக்கையில் இந்த ரைபைசனையே மருந்தாகச் சுட்டினார். 1904இல் இந்தியாவிலும், 1911இல் இலங்கையிலும் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டங்கள் பிறந்தன. நம் ஊர்களில் 'ஐக்கிய நாணய சங்கம்' என்ற பெயர்ப்பலகைகள் தோன்றிய வரலாறு இதுவே.

கடனுக்குக் காரணம் ஊதாரித்தனம் என்று கருதிய அதிகாரிகள் சங்கத்தை ஓர் ஒழுக்கப் பள்ளியாகவே எண்ணினர். ஆனால் ஒரு நிறுவனம் அதனை அமைத்தவரின் எண்ணத்தை எப்பொழுதும் கடந்து செல்லும். மாதக் கூட்டத்தில் ஊரவர் முன்னிலையில் கணக்கு வாசிக்கப்பட்டது. எவருக்கு, எதற்கு, எவ்வளவு என்று உறுப்பினரே தீர்மானித்தனர். வட்டியால் வந்த மிச்சம் சங்கத்தின் ஒதுக்கு நிதியிற் சேர்ந்தது. கடன்பட்டவன் கணக்குக் கேட்கும் உரிமையை முதன்முதலாகப் பெற்றான்.

எல்லாக் கடன்பட்டவர்களும் பெறவில்லை என்பதையும் உடனே கூறியாக வேண்டும். வரம்பிலாப் பொறுப்பு என்னும் விதி ஒத்த உடைமையுள்ளோரைத் தேடி இணைக்கும் விதி. பத்துப் பரப்புத் தோட்டமுடையவன் நிலமேயில்லாதவனின் கடனுக்குத் தன் தோட்டத்தைப் பணயம் வைப்பானா? யாழ்ப்பாணத்தில் நிலமின்மை சாதியோடு பின்னிக் கிடந்தது. ஆகவே, எவருக்குக் கடன் மிக அவசியமோ, அவர்களிற் பெரும்பாலோர் சங்கத்துக்கு வெளியிலேயே நின்றனர். கூட்டுறவின் பெருமை பேசும் நூல்கள் இதனை மெல்லக் கடந்து செல்கின்றன. நாம் கடந்து செல்லலாகாது.

இக்குறையோடும் வடபகுதியில் இவ்வியக்கம் ஆற்றிய பணி வியக்கத்தக்கது. சங்கங்களுக்குப் பணம் உதவும் கூட்டுறவு வங்கியொன்று 1929இல் யாழ்ப்பாணத்தில் நிறுவப்பட்டது. 1934இல் தோன்றியது யாழ்ப்பாண மலையாளப் புகையிலை விற்பனவுச் சங்கம். இதன் பெயரிலுள்ள 'மலையாளம்' என்ற சொல்லுக்கு ஒரு நீண்ட வணிகச் சரித்திரமுண்டு. யாழ்ப்பாணத்தில் விளைந்து, புகையூட்டிப் பதப்படுத்தப்பட்ட ஒருவகை வாய்ப்புகையிலை தலைமுறை தலைமுறையாகத் திருவிதாங்கூருக்குக் கப்பலேறிற்று. கமக்காரன் துலா மிதித்து நீரிறைத்து, எருவுக்குக் கடன்பட்டு விளைவித்த புகையிலை, பதமாகி விலையாகும்வரை அவன் கையிற் காசில்லை. அந்த இடைவெளியில் நுழைந்தவன் தரகு வியாபாரி. முன்பணம் கொடுத்தவன் அவனே. விலை கூறியவனும் அவனே. கடனையும் சந்தையையும் ஒரே கையிற் பிடித்திருப்பவனிடம் பேரம் பேச எவராலும் முடியாது. விற்பனவுச் சங்கம் இவ்விரண்டையும் அவன் கையிலிருந்து பிரித்தது. புகையிலையைப் பொறுப்பேற்று முன்பணம் கொடுத்தது. கூட்டாகக் கொண்டுபோய் விற்றது. விற்ற பின் மிச்சத்தைக் கணக்குத் தீர்த்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அம்மலையாளச் சந்தை சுருங்கிப் போயிற்று. எனினும், சிறு உற்பத்தியாளனுக்கு உதவுவதென்றால் என்ன என்பதற்கு இச்சங்கம் நமக்கு ஓர் இலக்கணம். அவனுக்குப் புத்தி சொல்வதைக் காட்டிலும் அவனுடைய புகையிலைக்கு விலை நிர்ணயிக்கும் மேசையில் அவனுக்கு ஓர் ஆசனம் கொடுப்பதே உதவி.

1930களில் மூளாயிற் கூட்டுறவு மருத்துவமனை எழுந்தது. நோயும் கடனும் எவ்வளவு நெருங்கிய உறவினர் என்பதை அறிந்தவர்கள், சேமிப்பைக் கொண்டு மருத்துவமனை கட்டத் துணிந்ததன் பொருளை உணர்வார்கள். இவ்வியக்கத்தின் முன்னணியில் நின்ற வீ. வீரசிங்கம் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர். யாழ் நகரின் கூட்டுறவாளர் மண்டபம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஊர்தோறும் சங்கக் கணக்கெழுதியவர்களுள் பள்ளி ஆசிரியர்கள் பலர். பகலிற் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவர், மாலையில் அரிக்கன் லாம்பின் ஒளியில் அப்பிள்ளைகளின் தந்தையருக்கு வட்டிக் கணக்கை விளக்கினார். ஆசிரியத் தொழிலின் இந்தப் பக்கம் நமது கல்விச் சரித்திர நூல்களில் இடம்பெறவில்லை.

கூட்டுறவால் சமுதாயம் மாறிவிடும் என்று நாம் மயங்க வேண்டியதில்லை. 1864இல் சர்வதேசத் தொழிலாளர் சங்கத்தின் தொடக்க உரையைத் தயாரித்த மார்க்ஸ், கூட்டுறவு ஆலைகளைப் பெருஞ் சாதனையென்று பாராட்டினார். அதே மூச்சில், தனிப்பட்ட தொழிலாளரின் சிதறிய முயற்சியாக நிற்கும்வரை அது பொதுமக்களை விடுவிக்க முடியாதென்றும், அரசியல் அதிகாரம் இன்றியமையாததென்றும் கூறினார். ஈழத்தில் நடந்ததைப் பார்க்குமிடத்து, அரசியல் அதிகாரம் கூட்டுறவுக்குத் துணை வந்தபொழுதும் புதிய சிக்கல்கள் எழுந்தன என்பது தெரிகிறது.

1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. உணவுத் தட்டுப்பாடு நேர்ந்தது. பங்கீட்டைக் கள்ளச்சந்தைக்காரரிடம் விடாதிருக்க அரசாங்கம் கூட்டுறவுப் பண்டகசாலைகளை நாடெங்கும் திறந்தது. சில ஆண்டுகளில் அவை ஆயிரக்கணக்காகப் பெருகின. 'சங்கக்கடை' என்ற சொல் நம் வீட்டுச் சொல்லானது இக்காலத்திலேயே. 1957இல், அன்றைய விவசாய உணவு அமைச்சர் பிலிப் குணவர்த்தனாவின் முயற்சியால், கடனும் கொள்வனவும் விற்பனவும் ஒருங்கிணைந்த பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் பிறந்தன. 1961இல் மக்கள் வங்கி. 1964இல் கூட்டுறவுக் கிராமிய வங்கிகள். இவை யாவும் முற்போக்கான நடவடிக்கைகளே. ஆனால் 1970களின் தொடக்கத்தில் சிறு சங்கங்கள் பெருஞ் சங்கங்களாக இணைக்கப்பட்டு, அவற்றின் நிருவாகத்தில் அரசு நியமித்தோர் அமர்ந்தபொழுது, சங்கம் கிராமத்தவரின் கண்ணுக்கு அரசாங்கத்தின் கடையாகத் தோன்றலாயிற்று. இதற்கு இடதுசாரிகளும் பொறுப்பாளிகள். மக்களுக்காகச் செய்வதும் மக்கள் செய்வதும் ஒன்றென்று அன்று பலர் கருதினர். மாதக் கூட்டத்திற் கணக்குக் கேட்கும் பழக்கம் மறைந்தபின், 1977இன் திறந்த பொருளாதாரம் வந்தபொழுது சங்கத்தைக் காக்க ஊரில் எவரும் எழவில்லை.

அதே 1970களில் நிகழ்ந்த நன்மையொன்றையும் இங்கு நினைவுகூர வேண்டும். பனையேறிக் கள்ளிறக்கும் தொழிலாளர் நெடுங்காலம் தவறணைக் குத்தகைக்காரரின் பிடியிலிருந்தனர். உயிரைப் பணயம் வைத்து ஏறி இறக்கிய கள்ளுக்குக் குத்தகைக்காரன் வைத்ததே விலை. முன்பணக் கடன் அவர்களைக் கட்டி வைத்தது. சாதி இழிவு வாயை அடைத்தது. என்.எம். பெரேரா நிதியமைச்சராயிருந்த காலத்தில், 1972 முதலாக, பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாகித் தவறணைகளைப் பொறுப்பேற்றன. இறக்கியவர்கள் தமது சங்கத்துக்கே கள்ளை அளந்து கொடுத்தனர். 1911ஆம் ஆண்டின் சட்டம் வாசலில் நிறுத்திய மக்கள், அறுபது ஆண்டுகளின் பின் தம் பெயரில் ஒரு சங்கத்தை உடையவராயினர். நிலம் இல்லாதவனிடம் ஈடு இல்லை என்று அதுவரை கூறப்பட்டது. அவனுடைய உழைப்பும் விளைபொருளுமே ஈடாகும் என்பதை இச்சங்கங்கள் காட்டின. தென்னிலங்கையிலும் 1978இல் கேகாலை மாவட்டத்து வல்கம என்ற ஊரில், பி.ஏ. கிரிவந்தெனிய என்பவரின் முயற்சியால், சோர்ந்து கிடந்த சிக்கனக் கடனுதவிச் சங்கங்கள் புத்துயிர் பெற்று 'சணச' என்ற பெயரிற் பரவின.

போர் வந்தது. பொருளாதாரத் தடைக்கும் இடப்பெயர்வுக்கும் நடுவே வடக்கின் பலநோக்குச் சங்கங்கள் நிவாரணத்தைப் பங்கிட்டன; பல தம் கட்டடங்களையும் முதலையும் இழந்தன. 2009இல் போர் முடிந்து பாதை திறந்தபொழுது, இழந்ததை மீட்க ஒவ்வொரு வீட்டுக்கும் பணம் வேண்டியிருந்தது. கணவனை இழந்த பெண் தையல் இயந்திரம் வாங்கவும், கோழி வளர்க்கவும், வாசலிற் சிறுகடை வைக்கவும் விரும்பினாள். அவளைத் தேடி முதலில் வந்தவை நிதிக் கம்பனிகள்.

நுண்கடன் என்னும் இம்முறையின் மூலத்தைச் சுருக்கமாகக் கூறலாம். வங்காள தேசத்தின் ஜோப்ரா என்ற கிராமத்தில் 1976இல் முகம்மது யூனுஸ் என்ற பொருளியற் பேராசிரியர் 42 பேருக்கு 27 டொலர் கடன் கொடுத்துத் தொடங்கிய முயற்சி, 1983இல் கிராமீன் வங்கியாயிற்று. 2006இல் நோபல் பரிசு பெற்றது. ஏழைப் பெண் கடனைத் திருப்பிக் கட்டுவாள் என்பதை அது உலகுக்குக் காட்டியது. முதலாளிகள் அதிலிருந்து கற்ற பாடம் வேறு. 2007இல் மெக்சிக்கோவிலும் 2010இல் இந்தியாவிலும் நுண்கடன் நிறுவனங்களின் பங்குகள் சந்தையில் விற்கப்பட்டுப் பெரும் இலாபம் ஈட்டப்பட்டது. அதே 2010இல் ஆந்திரக் கிராமங்களில் கடன்பட்டோரின் தற்கொலைகள் செய்தியாயின.

இலங்கையில் இம்முறை எவ்வாறு இயங்கியது? அயலிலுள்ள சில பெண்கள் ஒரு குழு. ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். வாரந்தோறும் குறித்த நாளிற் கம்பனியின் ஆள் வருவான். எல்லாரும் கட்டிமுடியும்வரை எவரும் எழுந்து போக முடியாது. ஹெடெஸ்டோர்வ் கிராமத்தின் கூட்டுப் பொறுப்பே இது. வடிவம் மாறவில்லை, பணம் யாருடையது என்பது மாறிவிட்டது. அங்கே ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பேற்றது, இருவரும் அச்சங்கத்துக்கு உரியவராயிருந்தமையால். இங்கே பொறுப்பு மட்டும் பெண்களுடையது; முதலும் வட்டியும் தீர்மானமும் கொழும்பிலுள்ள பங்காளருடையவை. ஊரில் முகமிழக்க அஞ்சும் அந்தப் பழைய நாணம், சீட்டைக் காத்த அதே நாணம், கம்பனிக்குக் கடன் வசூலிக்கும் கூலியில்லா ஊழியமாயிற்று. அயலவள் அயலவளின் வாசலில் நின்று சண்டையிட்டாள்.

வட்டிக் கணக்கைச் சற்று விரித்துப் பார்ப்போம். வகுப்பறையிலும் இதனைச் செய்து காட்டலாம். 50,000 ரூபா கடன். ஆண்டுக்கு நூற்றுக்கு 24 வட்டி. 52 வாரங்களிற் கட்டி முடிக்க வேண்டும். வட்டி 12,000 சேர்த்து 62,000 ரூபா. வாரத்துக்கு ஏறக்குறைய 1,192. வட்டி 24 என்றே அவள் நம்புகிறாள். ஆனால் முதல் வாரத்திலிருந்தே அவள் முதலைத் திருப்பிக் கொடுத்து வருகிறாள். ஆண்டின் நடுவில் அவள் கையிலிருப்பது ஏறத்தாழப் பாதிக் கடனே. வட்டியோ முழுக் கடனுக்கும் கட்டப்படுகிறது. குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி கணித்தால் அது ஆண்டுக்கு நூற்றுக்கு 44 அளவாகும். வாசற்கடை வைத்து இட்டலியும் தோசையும் விற்பவள் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும், நூற்றுக்கு 44 இலாபத்தை அத்தொழிலிலிருந்து எடுத்துக் கடனுக்கே கொடுத்துவிட்டுத் தான் எதனை உண்பது? ஆகவே முதற் கடனைக் கட்ட இரண்டாவது கம்பனி; இரண்டாவதைக் கட்ட மூன்றாவது; இடையிடையே நகை அடைவு. சிறு தொழிலுக்கென்று வாங்கப்பட்ட கடன் தொழிலைத் தின்று தீர்த்தது.

இது நமது கற்பனைக் கணக்கு. உண்மை இதனினும் கொடியதாயிருந்தது. 2018இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, ஆண்டுக்கு நூற்றுக்கு 220 வரை வட்டி அறவிடப்பட்டதையும், வசூலிக்க வந்தோரின் அவமதிப்புக்கும் பாலியல் வற்புறுத்தலுக்கும் பெண்கள் ஆளாக்கப்பட்டதையும் எடுத்துரைத்தார். 2016இல் நுண்நிதிச் சட்டம் நிறைவேறியிருந்தது. அது வைப்புப் பணம் பெறும் கம்பனிகளுக்கு உரிமம் வேண்டுமென்றது. கடன் மட்டும் கொடுப்போர் அதன் பிடிக்குள் வரவில்லை. 2018இல், வறட்சியால் வாடிய 12 மாவட்டங்களின் பெண்களது, 100,000 ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவித்தது. வட்டிக்கு நூற்றுக்கு 35 என உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. உச்சவரம்பு உரிமம் பெற்ற கம்பனிகளையே கட்டுப்படுத்தியது என்பதும், நூற்றுக்கு 35 என்பது எந்தச் சிறு தொழிலும் தாங்கும் வட்டியன்று என்பதும் கவனிக்கத்தக்கவை.

2021 மார்ச் 8ஆம் தேதி, சர்வதேசப் பெண்கள் தினத்தன்று, பொலநறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் நுண்கடனாற் பாதிக்கப்பட்ட பெண்கள் கடன்களை இரத்துச் செய்யக் கோரிச் சத்தியாக்கிரகத்தில் அமர்ந்தனர். பல வாரங்கள் அங்கேயே இருந்தனர். அவர்கள் சிங்களக் கமக்காரக் குடும்பத்துப் பெண்கள். கடன் கொடுத்த கம்பனிகளில் வடக்கிலும் கிழக்கிலும் கிளை பரப்பியவை இருந்தன. வாரத் தவணையும் குழுப் பொறுப்பும் அவமதிப்பும் இரு பகுதிகளிலும் ஒன்றே. தாம் சிக்கனமின்றி வாழ்ந்ததாக அப்பெண்கள் ஒப்புக் கொள்ளவில்லை. தாம் கட்டிய வட்டியின் கணக்கை நாட்டின் முன் விரித்து வைத்தனர்.